ஏழாம் குழாயின் ஈரம்

கண்டியில் இருந்துகொண்டு வளிமண்டல அமுக்கம் எழுபத்தாறு என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுபத்தாறு சென்ரிமீற்றர் இரசம், அதாவது பாதரசம், என்பது கடற்கரைக்காரர்களின் கணக்கு. கொழும்புக்குச் சரி, புத்தளத்துக்குச் சரி. நாமோ கடுகண்ணாவைக் கணவாய் ஏறி மலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறோம். நம் தலைக்கு மேல் உள்ள காற்று அவர்களுக்கு உள்ளதைவிடக் குறைவு. இங்கே எழுபத்தொன்றரை. பதினைந்து வருடமாக உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன், பதினைந்து வருடமாக இதையேதான் சொல்கிறேன். தன் கண்ணால் அளந்து எழுபத்தொன்றரை கண்ட பிள்ளைகூட, பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, அதை அழித்து எழுபத்தாறு என்று எழுதி வைக்கும்.

என் பெயர் சிந்துஜா. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் வழு டீச்சர். எந்தப் பரிசோதனை செய்தாலும் விடையை நான் முதலில் கேட்பதில்லை, அளவில் புகுந்த பிழை, அதாவது வழு, எங்கே என்றுதான் கேட்பேன். கண்ணைச் சரிவாக வைத்து அளவுகோலைப் பார்த்தாயா? குழாயைக் கையால் பிடித்தாயா? உள்ளே அடைபட்ட காற்று உலர்ந்ததா? வாயு விதிகள் உலர்ந்த காற்றுக்குத்தான் ஒழுங்காகக் கீழ்ப்படியும். நீராவி கலந்துவிட்டால் அது தன் பாட்டுக்கு ஒரு கணக்கு நடத்தும். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த ஜூலையில் மழை ஓயவே இல்லை. எங்கள் பாடசாலை சரிவில் இருக்கிறது. ஆய்வுகூடத்தின் தெற்கு ஜன்னலில் ஹந்தானை மலை தெரியும், அதாவது தெரியவேண்டும். அந்த மாதம் முழுக்க அங்கே வெள்ளையாக ஒரு மேகச் சுவர்தான் நின்றது. அப்படி ஒரு திங்கட்கிழமை அதிபர் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். இரசம் நஞ்சு என்பதால் பாடசாலைகளில் இரசம் உள்ள எதையும் இனி வைத்திருக்கக் கூடாதாம். வெப்பமானி, பாரமானி, குழாய் எல்லாவற்றிலிருந்தும் இரசத்தை வடித்து ஒரு போத்தலில் ஊற்றி, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஒப்படைக்க வேண்டுமாம்.

நியாயமான கடிதம்தான். ஆனாலும் அன்று பாடசாலை விட்ட பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருக்கின்றன. மயிரிழை போன்ற துளையுள்ள, ஒரு முனை மூடிய குழாய்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் பத்து சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஓர் இரச இழை. அதற்கும் மூடிய முனைக்கும் இடையில் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். குழாயின் வாயை மேலே பார்க்க நிறுத்தினால் இரசத்தின் பாரம் காற்றை அழுத்திச் சுருக்கும், கீழே பார்க்கத் திருப்பினால் காற்று விரியும். இரண்டு நீளத்தையும் அளந்தால் வெளியே உள்ள வளிமண்டல அமுக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம். கனவளவு கூடினால் அமுக்கம் குறையும் என்ற ஒற்றை விதி போதும். இவ்வளவு காலம் உழைத்த குழாய்களைக் கடைசியாக ஒரு தரம் அளந்துவிட்டு உடைப்போமே என்று உட்கார்ந்தேன்.

இந்தப் பன்னிரண்டையும் செய்தவர் ஸமீம். எங்கள் ஆய்வுகூட உதவியாளர். ஒன்பது வருடம் நானும் அவரும் அந்த அறையில் சண்டை பிடித்தோம். 2021 ஓகஸ்ட்டில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. நாற்பத்தைந்து வயது.

பதினொரு குழாய்கள் எழுபத்தொன்றரையை ஒட்டியே நின்றன. ஏழாம் குழாய் மட்டும் அறுபத்தொன்பது புள்ளி மூன்று. எனக்கு ஆச்சரியமில்லை. அது செய்த நாளிலிருந்து அப்படித்தான். அதன் கழுத்தில் ‘பிழை, பாவிக்க வேண்டாம்’ என்று நானே ஓர் அட்டை எழுதிக் கட்டியிருந்தேன். அது சொல்லும் அமுக்கம் உண்மையாக இருக்கவேண்டுமானால் நாங்கள் இன்னும் இருநூற்றைம்பது மீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். ஜன்னலுக்கு நேரே ஹந்தானைச் சரிவில் ஏறி நின்றால் சரியாக இருக்கும்.

“டீச்சர், ஏழாம் நம்பர் குழாய் பஸ் ஏறி ஹந்தானைக்கிப் போயிட்டுது. அதுக்கி அந்தக் குளிர் பிடிச்சீக்குது” என்பார் ஸமீம். எனக்கு அந்தப் பகிடி பிடிக்காது. உடைத்துவிட்டு வேறு செய்யுங்கள் என்பேன். செய்யமாட்டார். அதைத் தூசு துடைத்து மற்றவற்றோடே மாட்டி வைப்பார்.

வித்தியாசத்தைத் தாளின் ஓரத்தில் எழுதினேன். இரண்டு புள்ளி இரண்டு. அறை வெப்பநிலை இருபத்துநான்கு பாகை. எழுதிவிட்டுத் தேநீர்ப் போத்தலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த எண் எனக்குத் தெரிந்த எண். பாடப்புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் வருடா வருடம் பிள்ளைகளுக்கு விரலால் தொட்டுக் காட்டும் எண். இருபத்துநான்கு பாகையில் நிரம்பிய நீராவியின் அமுக்கம், இரண்டு புள்ளி இரண்டு.

ஏழாம் குழாயில் செய்கைப் பிழை எதுவும் இல்லை. அதற்குள் ஈரம் இருக்கிறது, அவ்வளவுதான். நாலு பேருக்கு வழுவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற நான், ஆறு வருடம் அட்டை கட்டித் தொங்கவிட்டேனே தவிர, அது என்ன வழு என்று ஒரு நாள் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஈரம் எப்படி உள்ளே போயிற்று என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த நாள் தானாக வந்து முன்னால் நின்றது. 2019, பாடசாலையின் கடைசித் தவணை. வெளியே இதே மாதிரி மழை. புது மயிர்த்துளைக் குழாய்களை ஸமீம் சுவாலையில் காட்டி முனை மூடிக்கொண்டிருந்தார். கண்ணாடி அன்று ஏனோ அடம் பிடித்தது. அடுத்தடுத்து மூன்று குழாய்கள் சூட்டில் டிக் டிக்கென்று வெடித்தன. இனி வாங்கப் பணமில்லை என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். அடுத்த குழாயை அவர் வழமைபோல உலர்த்தி எடுத்தார். சுவாலைக்குக் கொண்டுபோக முன், கண்ணை மூடி, உதட்டை ஏதோ அசைத்து, அதன் வாய்க்குள் மெல்ல ஒரு தரம் ஊதினார். பிறகு மூடினார். வெடிக்கவில்லை. அதுதான் ஏழாம் குழாய்.

“ஊதாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது! ஒங்க எச்சிலும் ஈரமும் உள்ளுக்குப் போகுது” என்று கத்தினேன்.

அவர் சிரித்தார். “வெடிக்கல்ல தானே டீச்சர்” என்றார்.

ஆக, என் முன்னால் மேசையில் கிடந்த அந்தக் குழாயில், பதினைந்து சென்ரிமீற்றர் நீளத்துக்கு, ஸமீமின் மூச்சு இருந்தது. முழுக்க அவருடையது என்று சொல்லமாட்டேன். அந்த அறையின் காற்றும் கலந்திருக்கும். ஆனால் அந்த ஈரம் அவருடையது. ஆறு வருடமாக அது வெளியேறவில்லை. மழைச் சத்தம் கேட்டது. எங்கோ தூரத்தில் ரயில் கூவியது. நான் அழுதேன். அழுகிறேன் என்பது முகத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் அதைத் திருடத்தான் நினைத்தேன். பன்னிரண்டில் ஒன்று உடைந்துவிட்டது என்று எழுதினால் யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்? குடைக்குள் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கூட விட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகும் கம்பளை பஸ்ஸில் ஏற நின்றபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அது என்னுடையதல்ல. திரும்பி ஏறி வந்து, குழாயைப் பழையபடி மாட்டிவிட்டுப் போனேன்.

அது யாருடையது என்பதுதான் என் தொல்லையே. கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகும் வழியில் கெலிஓயாவில், வீதியோரமாக ஒரு தையல் கடை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் தலை குனிந்து தைத்துக்கொண்டிருப்பவள் பஸ்லினா, ஸமீமின் மனைவி. நான்கு வருடமாக அந்தக் கடை இருக்கும் பக்கத்து ஆசனத்தில் நான் உட்கார்ந்ததில்லை. இடமில்லாவிட்டால் நின்றுகொண்டு வருவேன். ஏனென்றால் அந்த ஓகஸ்ட்டில், பாடசாலை பூட்டிக் கிடந்த நேரத்தில், செய்முறைப் பொருட்கள் பூஞ்சணம் பிடிக்கின்றன, வந்து ஒருக்கால் துடைத்து வைத்துவிட்டுப் போங்கள் என்று ஸமீமைக் கூப்பிட்டவள் நான். அவர் வந்தார். நான்காம் நாள் காய்ச்சல். பஸ்ஸில் பிடித்ததோ கடையில் பிடித்ததோ யாருக்குத் தெரியும்? எந்த அளவீட்டிலும் கண்டுபிடிக்க முடியாத வழு அது. ஆனால் நான் கூப்பிட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

புதன்கிழமை பின்னேரம் கெலிஓயாவில் இறங்கினேன். கடைக்குள் புதுத்துணி வாசம். பஸ்லினா தையல் இயந்திரத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் நிமிர்த்தினாள். என்னைக் கண்டதும் இயந்திரம் நின்றது.

“இரிங்க டீச்சர்” என்று கதிரையைத் தள்ளிவிட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

நான் பெரிய பேச்சுக்காரி, வகுப்பில். அங்கே வாய் வரவில்லை. குழாய், இரசம், ஈரம், அட்டவணை என்று முன்னுக்குப் பின் முரணாக ஏதேதோ சொன்னேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வெளங்கல்ல டீச்சர். குழாய்க்குள்ள என்ன ஈக்குது?”

“அவரோட மூச்சு” என்றேன். “செய்யிறப்ப ஊதிட்டாரு. அது அப்படியே அடைபட்டுப் போச்சு. வெள்ளிக்கிழமை ஒடைக்கச் சொல்லிட்டாங்க. ஒங்ககிட்ட சொல்லாம ஒடைக்க எனக்கு மனசு வரல.”

வீதியில் ஒரு லொறி போனது. கண்ணாடி அதிர்ந்தது. பஸ்லினா நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

“எப்படி ஊதினார்? செஞ்சி காட்டுங்களேன்.”

காட்டினேன். கண்ணை மூடினேன், உதட்டை அசைத்தேன், குவித்து மெல்ல ஊதினேன். நாற்பத்திரண்டு வயது டீச்சர் தையல் கடையில் உட்கார்ந்து காற்றை ஊதிக் காட்டுகிறேன், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமும் வந்தது.

“ஊதுறதுக்கு முந்தி ஒதடு அசைஞ்சிச்சா?”

“அசைஞ்சிச்சு. ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாருன்னு நெனச்சேன்.”

“பாட்டில்ல டீச்சர்.” அவள் குரல் இறங்கிவிட்டது. “ஓதி ஊதீக்கிறார்.”

பிறகு சொன்னாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து துஆ என்னும் வேண்டுதலை ஓதி நெற்றியில் ஊதுவார். மகள் ஷஹ்மா பரீட்சைக்குப் போகும்போது தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்கக் கொடுப்பார். வெடிக்கிற கண்ணாடிக்கும் ஊதியிருக்கிறார், அவ்வளவுதான். ஒன்பது வருடம் ஒரே அறையில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நான் எச்சில் என்றேன்.

“அவருக்குச் சொகமில்லாமப் போன நேரம் அவருக்கு ஓதி ஊத எங்கள விடல்ல. வார்ட்டுக்குள்ள போக ஏலாது. மையித்தின்ட மொகத்தையும் காட்டல்ல. பொட்டியில அடைச்சி, கொரோனாவுல போனவங்களுக்குன்டு ஒதுக்கின ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினாங்க. ஒரு தரம் போய் வந்தன். ஒரு நாள் பயணம் டீச்சர். அங்க நம்பர் போட்ட ஒரு கல்லு ஈக்குது.”

“நான்தான் அவர அன்னிக்கு வரச் சொன்னேன்” என்றேன். நான்கு வருடமாக வாய்க்குள் வைத்திருந்தது.

“தெரியும்.” அவள் ஊசியை எடுத்தாள். “நான் உங்களோட கோவமாத்தான் இருந்தன். இப்பவும் கொஞ்சம் ஈக்குது. பொய் செல்லிப் பிரயோசனமில்ல.” தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. வாசல்வரை போன பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. “வெள்ளிக்கெழம எத்தின மணிக்கி வரட்டும்?”

வெள்ளிக்கிழமை பாடசாலை ஒன்றரைக்கு விட்டது. பதினொரு குழாய்களின் இரசத்தையும் முதல் நாளே போத்தலுக்குள் வடித்துவிட்டேன். அன்று மழை இல்லை, ஆனால் மேகம் இறங்கி ஆய்வுகூட ஜன்னலோடு உரசிக்கொண்டு நின்றது. கீழே வாவி, நகரம், பஸ் நிலையம் ஒன்றுமே இல்லை. அந்த அறை மட்டும் எங்கோ வெள்ளையில் மிதப்பதாகத் தோன்றியது. ஏழாம் குழாய் சொல்வதுதான் சரியோ, நாங்கள் உண்மையாகவே ஹந்தானையில்தான் இருக்கிறோமோ என்றுகூட ஒரு கணம் எண்ணினேன்.

பஸ்லினா வந்து வாசலில் நின்றாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஸமீமின் நீலநிற மேலங்கி இன்னும் அலுமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது, அதைக் கழற்ற எனக்கு மனம் வந்ததில்லை. அவள் அதன் கிழிந்த பொக்கற்றைப் பார்த்து, “இதத் தெச்சித் தாறன்டு எடுத்து வரச் சென்னன். மறந்து மறந்து வருவார்” என்றாள்.

அட்டையைக் கழற்றிவிட்டுக் குழாயை மேசையில் கிடையாக வைத்தேன். “இந்த வெள்ளிக் கம்பி மாதிரி இருக்கிறது இரசம். இங்கேருந்து மூடின முனை வரைக்கும் அவரு.” என் பௌதிகத்தில் அப்படி ஒரு வசனத்தை நான் சொல்வேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியாதுதானே, வெறும் கண்ணாடி. பிறகு கையை நீட்டிக் குழாயைத் தொடப்போனாள்.

“கையால பிடிக்கக்…” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதினைந்து வருடப் பழக்கம். உடம்பின் சூடு குழாய்க்குள் ஏறும், காற்று விரியும், அளவு பிழைக்கும். “பிடிங்க” என்றேன். “ரெண்டு கையாலயும் நல்லா பொத்திப் பிடிங்க.”

பொத்திப் பிடித்தாள். ஊசி குத்தித் தழும்பேறிய விரல்கள். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அவள் திடுக்கிட்டுப் போனாள்.

“டீச்சர், அசையிது!”

இரச இழை மெல்ல, மிக மெல்ல, மூடிய முனையை விட்டு நகர்ந்தது. உலர்ந்த குழாயாக இருந்தால் மூன்று மில்லிமீற்றரோடு நின்றிருக்கும். இதில் ஈரம் இருக்கிறதே. சூடு பட்டதும் அந்த ஈரமும் ஆவியாகிச் சேர்ந்து தள்ளியது. நான் அளவுகோலைப் பிடித்துப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. ஐந்து மில்லிமீற்றர்.

“நீங்க தொட்டதால விரியுது. மத்தக் குழாய விட இது கூடுதலா விரியுது” என்றேன். அவளிடம் சொல்ல எனக்கு அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

அவள் கையை எடுத்தாள். இழை திரும்பி வந்தது. மறுபடி பொத்தினாள். மறுபடி போனது. எத்தனை தரம் அப்படிச் செய்தாள் என்று நான் எண்ணவில்லை. அவள் அழவில்லை, முகம் மட்டும் சிறு பிள்ளையின் முகமாகிவிட்டது. ஜன்னலில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. மணி இரண்டைத் தாண்டியதைக்கூட நான்தான் கவனித்தேன்.

“வீட்டுக்குக் கொண்டு போங்க” என்றேன். “ஒடைஞ்சு போச்சுன்னு நான் எழுதிக்கிறேன். கொஞ்சூண்டு இரசந்தான். வாயில ஒரு மெழுகு வெச்சு அடைச்சுத் தாறேன். எத்தன வருசமானாலும் அப்படியே இருக்கும்.”

ஒரு பெரிய உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னேன். பஸ்லினா குழாயை மேசையில் வைத்துவிட்டாள்.

“வேணாம் டீச்சர். ஏற்கனவே ஒரு பொட்டியில அடைச்சித்தான் அவரக் கொண்டுபோனாங்க. இதையும் நான் அடைச்சி வைக்கவா? ஓதி ஊதின மூச்சு டீச்சர் இது. அது யாருக்காவது போய்ப் படணும். தொறந்து விடுங்க.”

அடைபட்டிருப்பதைக் காப்பாற்றுவதுதான் அன்பு என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரத்தை எடுத்தேன். தட்டை வைத்தேன். மூடிய முனைக்கு ஒரு விரற்கடை கீழே கண்ணாடியில் கோடு கீறினேன். அப்போது அவள் எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினாள். முதலில் தெற்கு, பிறகு கிழக்கு.

“இரசம் இருக்கிற எடத்துல ஜன்னலச் சாத்தக்கூடாது” என்றேன். சொன்னபடியே எழுந்து, மீதி ஒன்றை நானே சாத்தினேன்.

முறித்தேன். டிக். அவ்வளவு சின்னச் சத்தம். இரசத்தைப் போத்தலில் வடித்து மூடியை இறுக்கினேன். குழாய் வெறுமையாக இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது.

“இப்ப எங்க?” என்று கேட்டாள்.

“இந்த அறைக்குள்ள. கொஞ்ச நேரத்துல எல்லா மூலைக்கும் போயிரும்.”

“எனக்கு வருமா?”

கரும்பலகைக்குப் போனேன். வேறு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. குழாயின் கனவளவு, அறையின் நீளம், அகலம், உயரம், ஒரு மூச்சில் இழுக்கும் காற்று. சோக்கு கீச்சிட்டது. விடை வந்ததும் இரண்டாம் தரம் சரிபார்த்தேன். “நீங்க இழுக்கிற ஒவ்வொரு மூச்சுலயும் அந்தக் குழாய்க்குள்ள இருந்த மூலக்கூறு பத்து லட்சம் கோடி வரும். எல்லாமே அவரோடது இல்ல. கொஞ்சம் கூடக் கொறைய இருக்கும்.”

“ஒரு மூச்சுக்கா?”

“ஒரு மூச்சுக்கு.”

அவள் கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன். இரண்டு பேரும் மூச்சு விட்டோம். வேறொன்றும் செய்யவில்லை. ஸமீம் கண்ணாடிக்காக ஓதியது இப்போது எங்கள்மேல் பட்டுக்கொண்டிருக்கிறது என்று நானும் நம்பினேன். கணக்கில் அதற்கு இடமில்லை, ஆனாலும் நம்பினேன்.

இரண்டே முக்காலுக்கு அவள் எழுந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, “ஓட்டமாவடி எந்தப் பக்கம் டீச்சர்?” என்று கேட்டாள். கிழக்கு ஜன்னலைக் காட்டினேன். அவள் அதன் முன்னால் போய் நின்று கைகளை ஏந்தினாள். உதடுகள் அசைந்தன. நெடுநேரம் அசைந்தன. அன்று வார்ட்டு வாசலில் ஓத விடாதது எல்லாம் அதில் இருந்திருக்கும். பிறகு ஜன்னல் கதவை ஒரு கையால் தள்ளித் திறந்து, மேகத்துக்குள், மெல்ல, ஒரு நீண்ட மூச்சாக ஊதினாள்.

அவள் போன பிறகு ஒப்படைப்புப் படிவத்தை நிரப்பினேன். ஏழாம் குழாய்க்கு நேரே ‘குறைபாடு’ என்று ஒரு நிரல் இருந்தது. பேனையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தேன். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.